ஈர்க்கு அளவில் ஒரு பெட்டி

சின்னம்மாள் நான்கு பேர் நடுவில் வாயைத் திறந்தால் அன்றைக்கு மழை வரும் என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். அதைக் கேட்டு அவளும் சிரித்துவிட்டு, குனிந்து துடைப்பத்தைத் தட்டிச் சீர்செய்துகொண்டிருப்பாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருக்கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. மந்தாரக்குப்பத்தில் லைன் வீடு ஒன்றில் குடக்கூலிக்கு இருந்தாள். புருஷன் ராயப்பனும் கான்ட்ராக்ட்தான்; நிலக்கரி மைன்ஸில் மண் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுவதை வாருகிற வேலை. ஒரே மகள் அபி பிளஸ் டூ படிக்கிறாள்.

பேசாததற்கெல்லாம் சேர்த்து சின்னம்மாள் பார்த்தாள். எந்த வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட், எந்த வீட்டு மாமரம் இந்த வருஷம் பூக்கவில்லை, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் வாசலைக் கூட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். கொடியில் காயும் துணியும் படியில் கிடக்கும் செருப்பும் போதும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகைக்கு அம்மா போக, கூடவே இவளும் போனாள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் கறுத்து உரியும். சோற்றில் கை வைத்தால் சோறும் அந்த நாற்றம்தான் அடிக்கும். கல்யாணமாகி மந்தாரக்குப்பம் வந்த பிறகுதான் அந்த நாற்றம் விட்டது. துடைப்பம் எவ்வளவோ மேல் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் கூட்டும் பிளாக்கில் பழைய குவார்ட்டர்ஸ் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன. ரிடையர் ஆனவர்கள் போனார்கள். மற்றவர்களுக்குப் புது பிளாக்கில் வீடு கிடைத்தது. லாரி வரும், பீரோவும் கட்டிலும் ஏறும், லாரி போகும். போனவர்கள் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போனதாக சின்னம்மாளுக்கு நினைவில்லை. கிழிந்த பாய், உடைந்த பக்கெட், பழைய காலண்டர், ஒற்றைச் செருப்பு எல்லாம் அப்படியே கிடக்கும். பூஜையறையில் தினம் கோலம் போட்ட அம்மாள்கூட, போகிற அன்றைக்குக் குப்பையைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் போனாள். இனி இந்த வீடு யாருடையதோ. அதையெல்லாம் அள்ளுவது இவள் வேலை.

கடைசியில் அந்த வரிசையில் காலி செய்யாமல் இருந்தது ஒரே ஒரு குடித்தனம்தான். கடைசி வீட்டு வராந்தாவில், சுவரில் பதித்த மீட்டர் பெட்டிக்குள் இருந்த தேனீக்கூட்டம்.

மீட்டரை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வயர் நுழைந்த ஓட்டை மட்டும் மிச்சம். அதன் வழியாகத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. மரக்கிளையில் பெரிதாகத் தொங்கும் முரட்டு ஜாதி அல்ல. பொந்துகளில் குடியிருக்கும் சின்ன ரகம். சின்னம்மாள் மதியச் சோற்றை அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பாள். முருங்கை பூத்த நாட்களில் காலில் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு வரும். வெயில் ஏறினால் நாலைந்து வாசலில் நின்று இறக்கையால் விசிறும். உள்ளே ஒன்று செத்துப்போனால் இன்னொன்று அதை இழுத்துக்கொண்டு வந்து விளிம்பில் வைத்துத் தள்ளிவிட்டுப் போகும். இவளை ஒரு நாளும் கொட்டியதில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் சூப்பர்வைசர் மதிவாணன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னான். திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது, வரிசை முழுவதையும் இடிக்கப் போகிறார்கள், அதற்குள் குப்பையெல்லாம் அள்ளியாக வேண்டும். கடைசி வீட்டுத் தேனீயை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். கழியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டினால் ஐந்து நிமிஷ வேலை என்றான் அவன்.

"கொளுத்த வேணாங்க," என்றது ஒரு குரல். "நான் எடுத்துக்கினு போயிடறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மாளுக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது.

பவித்ராவுக்கு வாய் சும்மா இருக்குமா? அவள்தான் அந்தக் கூட்டத்தில் சின்னவள், கேலிக்காரி. "குடக்கூலி வூட்ல குடக்கூலிக்கு ஆள் வெக்கப் போவுதுடி இந்தக்கா. அட்வான்ஸ் எவ்ளோன்னு சொல்லிட்டியாக்கா அதுங்ககிட்ட?"

மதிவாணனும் சிரித்துவிட்டான். பிறகு சின்னம்மாள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும்க்கா. திங்கக்கெழம காலைல ஒரு பூச்சி இருந்தாலும் நான் கொளுத்தச் சொல்லிடுவேன். வேல செய்யறவனக் கொட்டிச்சின்னா என்னத்தான் கேப்பாங்க."

அவள் தலையாட்டினாள்.

அப்படி ஏன் சொன்னாள் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டே கூட்டினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளும் எத்தனையோ வீடு மாறிவிட்டாள். மகனுக்குக் கல்யாணம் என்பார்கள், வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம் என்பார்கள். பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு தெருவில் நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் அடுத்த வீடு என்று ஒன்று இருந்தது. இந்தப் பூச்சிகளுக்குப் போக இடம் பார்க்கக்கூட ஆளில்லை. இப்படி அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

தேனீப் பெட்டி ஒன்றை அவள் பார்த்திருந்தாள். முன்பு செடி வளர்க்கும் தோட்டத்தில் கூட்டப் போட்டிருந்த சமயம் அங்கே ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து துடைத்தவரின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி, அதன் மேல் வரிசையாகக் கிடக்கும் ரீப்பர் குச்சிகள், ஒவ்வொரு குச்சியிலிருந்தும் தொங்கும் ஓர் அடை. ஆனால் எவ்வளவு பெரிய பெட்டி, எத்தனை குச்சி, எவ்வளவு இடைவெளி? அதைத் தேனீயிடம்தான் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் அவள் மீட்டர் பெட்டியின் கதவை மெல்ல ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தாள். உள்ளே ஆறு அடைகள் ஒன்றின் பின் ஒன்றாகத் தொங்கின. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அடைக்குப் பக்கத்தில் நீட்டினாள். இரண்டு தேனீக்கள் ஈர்க்கின் மேல் ஏறி நடந்து பார்த்துவிட்டு இறங்கின. அடையின் அகலத்துக்கு ஓர் ஈர்க்கு ஒடித்தாள். தொங்கும் உயரத்துக்கு ஒன்று. ஆறு அடையும் சேர்ந்து உள்ளே போகும் ஆழத்துக்கு ஒன்று. ஓர் அடைக்கும் அடுத்த அடைக்கும் நடுவே இரண்டு தேனீ முதுகோடு முதுகு உரசாமல் போய்வரும் சந்து இருந்தது. ஓர் அடையும் ஒரு சந்தும் சேர்ந்தால் அவள் விரல் இரண்டின் அகலம். அதற்கு ஈர்க்கு வேண்டாம், விரலே போதும். மூன்று ஈர்க்கையும் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

பிறகு செங்கல் துண்டால் அந்த வீட்டுக் கூடத்தின் தரையிலேயே பெட்டியை வரைந்தாள். முதலில் வெறும் பெட்டியாகத்தான் போட்டாள். பார்க்கப் பார்க்க ஆசை வந்தது. மழைத் தண்ணீர் வழிய ஒரு சரிவுக் கூரை போட்டாள். எறும்பு ஏறாமல் இருக்க நாலு கால். தேனீ வந்து இறங்க வாசலில் சின்னதாய் ஒரு பலகை. தனக்குக் கிடைக்காத வீட்டையெல்லாம் அதில் போட்டுவிட்டாள் போல.

மரத்துக்கு அவள் எங்கேயும் போகவில்லை. மந்தாரக்குப்பத்துப் பழைய சாமான் கடையில் ராயப்பன் வாங்கி வந்த கேபிள் உருளை ஒன்று வீட்டில் இருந்தது. கேபிள் சுற்றி வரும் பெரிய மர உருளை. அதன் ஒரு வட்டத்தைத் தனியாகக் கழற்றிக் கொல்லைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். மிச்சம் முன்னறையில் டிவி வைக்கும் மேசையாக நின்றது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் டிவியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

அபி பாடப்புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, டிவியைத் தரையில் வைத்தால் இனி குப்புறப் படுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தாள். ராயப்பனுக்கு ஒரே குஷி. பெண்டாட்டி எதையாவது உடைத்து அவன் பார்த்ததே இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, தான் செய்து தருவதாகச் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். அளவு தன் கொண்டையில் இருக்கிறது, தானே செய்தால்தான் சரியாக வரும் என்றாள். அவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். சும்மா நிற்பது ராயப்பனுக்கு வராத ஒன்று. இரும்பு வளையத்தை நெம்பும்போது மட்டும் பிடித்துக்கொள்ள விட்டாள்.

பலகைகள் வெளியே அழுக்கேறிச் சாம்பல் நிறமாக இருந்தன. அறுத்த இடத்தில் உள்ளே வெண்ணெய் நிறம். ஆணிகளைப் பிடுங்கி அம்மிக்கல்லின் மேல் வைத்துத் தட்டி நேராக்கினாள். பக்கத்து வீட்டு மேஸ்திரி ரம்பம் கொடுத்தார். முதல் நாள் அறுத்ததில் ஒரு தப்பு நடந்தது. ஈர்க்கு அளவுக்கே பலகையை வெட்டிவிட்டாள். நாலையும் மூலையில் சேர்த்து நிறுத்திப் பார்த்தால் உள்ளே ரீப்பர் உட்காரவில்லை. ஈர்க்கு அளந்தது தேனீயின் இடத்தை. பலகையின் கனத்துக்கு அதில் இடமே விடவில்லை. இரண்டு பலகையை மறுபடி வெட்டினாள். வெள்ளி போனது, சனி போனது. சனிக்கிழமை இருட்டுவதற்குள் பெட்டி நாலு காலில் நின்றது. கூரை சரிந்திருந்தது. வாசலில் பலகை இருந்தது. அபி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நம்ம வூட்ட விட நல்லா இருக்குதும்மா," என்றாள்.

ரீப்பர்களை மட்டும் தனியே கட்டி, நனைத்த வாழை நாரோடு கூடையில் போட்டு வைத்தாள். பெட்டி வெளியே காற்றாடட்டும் என்று கொல்லையில் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குள்ளஞ்சாவடியில் சொந்தக்காரப் பிள்ளைக்குக் காது குத்து. போகாமல் இருக்க முடியாது. காலையில் அபியை அழைத்துக்கொண்டு போய், மொய் வைத்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குள் திரும்பிவிட்டால் வெயில் தாழ்ந்ததும் தேனீயை எடுத்துவிடலாம். ராயப்பனுக்கு அன்றைக்கு லீவு. வீட்டில் இரு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் புது மரம் எதுவானாலும் வீட்டுக்கு வந்தால் முதலில் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவார்கள். ஜன்னலோ, நிலையோ, கட்டில் காலோ எதுவும் தப்பாது. கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும்; கையில் பட்டால் தோல் வெந்துவிடும். ஆனால் கரையான் அண்டாது. ராயப்பனின் கல்யாணக் கட்டிலின் காலைக் கரையான் தின்றது, எண்ணெய் தடவ அவன் சோம்பல்பட்டதால்தான். அந்தக் கட்டிலை விறகாக எடைக்குப் போட்ட நாள் சின்னம்மாள் ஒன்றும் பேசாமல் நின்றதை அவன் மறக்கவில்லை. பெண்டாட்டி தன் கையால் செய்த பெட்டி கொல்லையில் பச்சை மரமாக நிற்பதைப் பார்த்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்கு மிதித்தான். ஒரு பாட்டில் எண்ணெயோடு திரும்பி வந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போதே சின்னம்மாளுக்கு அந்த நாற்றம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அது என்ன என்று மூக்குக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.

கொல்லையில் பெட்டி கருகருவென்று பளபளத்துக்கொண்டு நின்றது. ராயப்பன் பக்கத்தில் குந்தியிருந்தான். அவன் விரல்கள் அவளுடைய சின்ன வயது விரல்களைப் போல இருந்தன.

"இனிமே எத்தினி வருசம் ஆனாலும் கரையான் கிட்ட வராது புள்ள," என்றான்.

"தேனியும் வராது மாமா."

அவன் சிரித்த முகம் அப்படியே நின்றது. "எண்ணெதானே. காஞ்சா போயிடாதா?"

"உள்ளயும் அடிச்சியா?"

"ரெண்டு வாட்டி," என்றான் மெதுவாக.

கொட்டகையில் முந்திரி ஓடு மலைபோலக் குவிந்து கிடக்கும். அதன் மேல் ஓர் ஈ உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. எறும்பு ஊர்ந்து பார்த்ததில்லை. ராயப்பனுக்கு மெல்லப் புரிந்தது. எழுந்து போய்த் துணி சோப்பைக் கொண்டு வந்தான், பிறகு மண்ணெண்ணெய் என்றான், பிறகு சாம்பல் என்றான். அப்பா ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும் என்று அபி சீறினாள்.

"அப்பாவ ஒண்ணும் சொல்லாத," என்றாள் சின்னம்மாள்.

துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வெயில் முருங்கை மரத்துக்கு மேலே இருந்தது. அது மரத்துக்குக் கீழே இறங்கினால் தேனீக்கள் கூடு அடையும். அப்போது எடுத்தால்தான் உண்டு. விட்டால் காலையில் மண்ணெண்ணெய்க் கழி. பவித்ராவின் கேலிகூடப் பரவாயில்லை. மதிவாணன் ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் தாங்காது. கை தன்னால் கொண்டைக்குப் போனது. மூன்று ஈர்க்கும் அங்கேயே இருந்தன. காது குத்து வீட்டுக்கு அவற்றோடுதான் போய் வந்திருக்கிறாள்.

ஈர்க்கைக் கையில் வைத்துப் பார்த்தாள். இதில் கால் எங்கே இருக்கிறது? கூரை எங்கே இருக்கிறது? தேனீ கேட்டது அகலம், உயரம், ஆழம். மிச்சமெல்லாம் இவள் ஆசைப்பட்டது.

எழுந்து தண்ணீர்த் தொட்டியின் மூடியை இழுத்தாள். கேபிள் உருளையில் முன்பே கழற்றிய வட்டம். எண்ணெய் படாதது.

ராயப்பன் பாய்ந்து வந்து ஒரு பக்கம் பிடிக்கப் போனான்.

"நீ தொடாத மாமா. ஒங் கையில நாத்தம் இருக்குது."

அவன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் அதைவிடக் கடினமான சொல்லை அவள் அவனிடம் சொன்னதில்லை. சொன்ன குரலும் கடினமாக இல்லை, அதுதான் அவனை வாட்டியது. ரம்பம் கேட்டு ஓடினான். அதையும் அவன் தொடக்கூடாது என்பது வழியில் நினைவு வந்து, மேஸ்திரியின் பெண்சாதியைக் கையோடு ரம்பம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிக் கூட்டி வந்தான்.

இந்தத் தடவை தரையில் எதுவும் வரையவில்லை. ஈர்க்கை வைத்து, அதோடு பலகையின் கனத்தைச் சேர்த்து, கரித்துண்டால் கோடு போட்டாள். அபி பலகையை மிதித்துக்கொள்ள அவள் அறுத்தாள். வட்டத்தின் பலகைகள் தடியாக இருந்தன. ரம்பம் கோணிக்கொண்டு போனது. அடிக்கு ஒன்று, சுற்றி நாலு, மேலே மூடியாக இரண்டு துண்டு. ஒரு மூலையில் விரல் நுழையும் சந்து விழுந்தது. களிமண்ணைப் பிசைந்து அடைத்தாள். கீழே வாசலுக்குப் பலகையைத் துளைக்க நேரமில்லாமல் ஒரு விளிம்பில் கத்தியால் செதுக்கி வழி செய்தாள். கூடையிலிருந்த ரீப்பரை எடுத்து மேலே வைத்தாள். உட்கார்ந்தது. ஆறும் உட்கார்ந்தன. உள்ளே மரத்தூள் கிடந்தது. தட்டக்கூட நேரமில்லை. வெயில் மரத்துக்குள் இறங்கிவிட்டது.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன்ஷிப்புக்கு நடந்தாள். பின்னால் கூடையோடு அபி. பத்தடி தள்ளி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராயப்பன்.

அந்த வீட்டு வராந்தாவில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். "குடி வெக்க வந்தேன்க்கா," என்றாள். கேலி செய்யத்தான் வந்திருப்பாள். ஆனால் தேங்காய் நாரைப் பற்றவைத்து ஊத ஆள் வேண்டும் என்றதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராயப்பன் தெருவிலேயே, வேப்பமரத்தடியில் நின்றான்.

புகையைக் கொஞ்சமாகக் காட்டினார்கள். சின்னம்மாள் மீட்டர் பெட்டியின் கதவை முழுவதும் திறந்தாள். வெங்காயக் கத்தியால் முதல் அடையை மேலே ஒட்டிய இடத்தில் அறுத்து உள்ளங்கையில் தாங்கினாள். அதை ரீப்பரோடு சேர்த்து அபி வாழை நாரால் கட்டினாள். குஞ்சு இருந்த அடைகளை எல்லாம் கட்டினார்கள். தேன் இருந்த ஓரத்து அடையையும் சின்னம்மாள் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். குடிபோகிற வீட்டில் முதல் நாள் அடுப்பு எரிய வேண்டாமா? பவித்ரா விரலில் வழிந்ததை மட்டும் நக்கிக்கொண்டாள். சின்னம்மாளை மூன்று இடத்தில் கொட்டியது. அவள் கையை உதறவில்லை.

சுவரில் மிச்சமிருந்த கூட்டத்தைக் கொட்டாங்கச்சியால் மெல்ல வாரிப் பெட்டிக்குள் விட்டாள். முதல் கொட்டாங்கச்சிக்கு உள்ளே போனவை வெளியே வந்து சுற்றின. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தடவை அவள் வாரியதில் ராணித் தேனீ இருந்ததோ என்னவோ, பெட்டியின் வாசலில் நாலைந்து தேனீக்கள் திரும்பி நின்று விசிற ஆரம்பித்தன. வெளியே பறந்தவை சுவரில் இறங்கி, தரையில் இறங்கி, பெட்டியைப் பார்த்து நடந்தன. டிக்கெட் வாங்கிவிட்ட கூட்டம் பஸ்ஸில் ஏறுவதுபோல அவசரமில்லாமல் நடந்தன. பவித்ரா ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

வெளிச்சம் போகும்போது சுவரில் ஒன்றும் இல்லை. சின்னம்மாள் வாசலை வேப்பிலையால் அடைத்துத் துணியால் கட்டினாள். சும்மாடு சுற்றிப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். பெட்டி உள்ளுக்குள் ரீங்கரித்தது. அது மண்டைக்குள் இறங்கிப் பல்லில் கூசியது.

டவுன்ஷிப் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். இந்த நேரத்தில் பெட்டியோடு ஒரு பெண், பின்னால் ஒரு ஆள் தள்ளித் தள்ளி வருகிறான் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். உள்ளே என்ன என்று கேட்டார்.

"வூடு மாத்தறோங்க," என்றாள் சின்னம்மாள்.

திறந்து காட்டச் சொன்னார். அவள் தலையை ஆட்டாமல் அவரைப் பார்த்தாள். "தேனிங்க சார். நீங்களே தொறந்து பாத்துக்குங்க."

அவர் கிட்டே வந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு எட்டு பின்னால் போய் வழிவிட்டார்.

பெட்டியைக் கொல்லையின் கடைசியில், முருங்கைக்குக் கீழே இரண்டு செங்கல் மேல் வைத்தார்கள். கறுப்புப் பெட்டியை ராயப்பன் தானே தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் வைத்து, அதன் மேல் டிவியை ஏற்றினான். அந்த நாற்றத்துக்கு அபி கதவைத் திறந்து போட்டுத்தான் படித்தாள். அவன் ராத்திரிச் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை விடியும்போது சின்னம்மாள் வேப்பிலையை எடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். வாசலைத் திறந்துவிட்டால் பிடிக்காத கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்துப் பெட்டி அப்படித்தான் ஒரு நாள் காலியாகக் கிடந்தது. கடைசி வீடு விழும்போது அவள் தெருவின் மறுமுனையில் கூட்டிக்கொண்டிருந்தாள். புழுதி அடங்கியதும் மதிவாணன் வந்து, எடுத்துட்டீங்களாக்கா என்று கேட்டான். தலையாட்டினாள். எடுத்தது நிஜம். தங்குமா என்று அவன் கேட்கவில்லை. பவித்ரா அன்றைக்கு சின்னம்மாளின் பங்குத் தெருவிலும் பாதியைக் கூட்டிவிட்டு, நேரத்தோடு போ என்று அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ராயப்பன் கொல்லைக் கதவோரம் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. சாப்பாட்டுப் பை சைக்கிளில் தொங்கியது. கைகளை இன்னும் பின்னால்தான் கட்டியிருந்தான்.

"போவுதுங்க, வருதுங்க," என்றான். "இருக்குதுங்களா, கெளம்புதுங்களான்னு தெரியல புள்ள. கிட்ட போவல நானு."

சின்னம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு முருங்கையடிக்குப் போய்க் குந்தினாள். வாசலில் தேனீக்கள் மொய்த்தன. எந்தப் பக்கம் என்று புரியாத கூட்டம். அவள் கண்ணை ஒன்றின் மேல் மட்டும் வைத்தாள். அது பின்பக்கமாக நடந்து வந்தது. எதையோ இழுத்தது. விளிம்புக்கு வந்ததும் தள்ளிவிட்டு உள்ளே போனது. இன்னொன்று வந்தது, அதுவும் தள்ளியது. செங்கல்லுக்குக் கீழே தரையில் வெண்ணெய் நிறத்தில் சின்னக் குவியல் ஒன்று சேர்ந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். நேற்று அவள் தட்டாமல் விட்ட மரத்தூள்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். ராயப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா புள்ள?"

"கெளம்பறவங்க வூட்டக் கூட்டமாட்டாங்க மாமா."

அவன் ஒரு எட்டு வைத்து, நின்றான். "நான் வந்து பாக்கலாமா?"

அவள் திரும்பி அவன் கையைப் பார்த்தாள். கறுப்பு இன்னும் போகவில்லை.

"ரெண்டு நாள் போவட்டும்," என்றாள் சின்னம்மாள். "நீ ஷிப்டுக்குப் போயிட்டு வா."